கடலுக்கு அப்பால் தெரிவதும் தெரியாததும்: பூமியின் வடிவம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முப்பது வருஷம் சர்வே வேலை பார்த்தவன் நான். உயர வித்தியாசம் அளக்கும் லெவல் கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரையிலும் ஏரிக்கரையிலும் நடந்தே பாதி வாழ்க்கை போனது. ஓய்வு பெற்ற பிறகு சொந்தக்காரப் பிள்ளைகள், பழைய சகாக்கள், காலையில் மெரினாவில் நடக்க வருகிறவர்கள் என்று யாராவது ஒருவர் வாட்ஸ்அப் வீடியோவை நீட்டி, "இதுக்கு என்ன சொல்றீங்க?" என்கிறார்கள். எல்லா வீடியோவிலும் ஒரு நீர்ப்பரப்பும் அதற்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு பொருளும் இருக்கும். "பூமி உருண்டையாக இருந்தால் இது தெரியக்கூடாதே" என்பதுதான் வாதம். கேட்ட கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே எழுதி, நான் சொன்ன பதில்களைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன்.

கடல் தட்டையாத்தானே தெரியுது? அப்புறம் எப்படி உருண்டைன்னு சொல்றீங்க?

தட்டையாகத்தான் தெரிகிறது, மறுக்கவில்லை. பூமியின் ஆரம் 6,371 கி.மீ. கரையில் நிற்கிற ஒருவருக்குக் கடல் நாலரை கி.மீ. வரைக்கும்தான் தெரியும். அந்த நாலரை கி.மீ.க்குள் தண்ணீர் மொத்தமாக இறங்குவதே ஒன்றரை மீட்டர் சொச்சம். அந்தச் சரிவைக் கண்ணால் கண்டுபிடிக்க யாராலும் முடியாது.

ஆகவே "தட்டையாகத் தெரியுது" என்பது இரண்டு தரப்புக்கும் சாட்சி ஆகாது. பூமி தட்டையாக இருந்தாலும் இப்படித்தான் தெரியும், இவ்வளவு பெரிய உருண்டையாக இருந்தாலும் இப்படித்தான் தெரியும். வழக்கைத் தீர்க்க வேண்டுமானால், தட்டை ஒரு விடையும் உருண்டை வேறொரு விடையும் சொல்கிற இடமாகப் பார்த்துப் போய் நிற்க வேண்டும்.

கரையில நின்னா எவ்வளவு தூரம் தெரியும்?

தண்ணீர் மட்டத்திலிருந்து உங்கள் கண் எத்தனை மீட்டர் உயரமோ, அதன் வர்க்கமூலத்தை 3.57 ஆல் பெருக்குங்கள். அடிவானம் எத்தனை கி.மீ. தள்ளி இருக்கிறது என்பது வந்துவிடும். அலை தொடும் இடத்தில் உட்கார்ந்தால் கண் சுமார் 1 மீட்டர் உயரத்தில் இருக்கும், அடிவானம் மூன்றரை கி.மீ. 45 மீட்டர் உயரத்துக்கு ஏறினால் 24 கி.மீ.

இதை நான் மெரினாவில் செய்து பார்த்தேன். சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டேன். கப்பல்களைக் காட்டும் கைபேசிச் செயலி 13 கி.மீ. என்றது. சரக்கு இறக்கிவிட்ட கப்பல் என்பதால் அடிப்பாகத்துச் சிவப்புச் சாயம் தண்ணீருக்கு மேலே நன்றாகத் தூக்கி நிற்க வேண்டும். ஈர மணலில் உட்கார்ந்து பைனாகுலரில் பார்த்தால் கறுப்பு உடலும் மேல்தளமும் தெரிந்தன, சிவப்பே இல்லை. கலங்கரை விளக்கத்தில் ஏறி அதே பைனாகுலரில் அதே கப்பலைப் பார்த்தேன். சிவப்புப் பட்டை, அதன் கீழே தண்ணீர், அதற்கும் அப்பால் இன்னும் கொஞ்சம் கடல். கப்பல் நின்ற இடத்தைவிட்டு அசையவே இல்லை. நான்தான் ஏறினேன்.

தூரம் போகப் போகக் கப்பல் சின்னதாகி மறையுது, அவ்வளவுதானே? கேமராவுல ஜூம் பண்ணா திரும்ப வருதே?

மறைவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பொருள் சிறுத்துப்போய்க் கண்ணுக்குப் பிடிபடாமல் போவது. 10 கி.மீ. தூரத்தில் சுமார் 3 மீட்டருக்குக் குறைந்த எதையும் வெறுங்கண்ணால் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். சின்னப் படகு இப்படித்தான் மறைகிறது. ஜூம் பண்ணினால் அது திரும்ப வருவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை, ஜூம் எதற்கு இருக்கிறது?

இன்னொன்று, அடிப்பாகம் மட்டும் வெட்டுப்பட்டுப் போவது. சிறுப்பதால் மறைகிறது என்றால் முதலில் மறைய வேண்டியது மெல்லிய கம்பமும் ஆன்டெனாவும். நடப்பது தலைகீழ். கடைசிவரை நிற்பது கம்பம், முதலில் காணாமல் போவது பத்து மீட்டர் உயரமுள்ள பருத்த உடல். எவ்வளவு ஜூம் பண்ணினாலும் அந்த உடல் எழுந்து வராது, கம்பம்தான் பெரிதாகும். "கப்பல் திரும்ப வந்தது" என்று யாராவது வீடியோ காட்டினால், ஜூம் பண்ணுவதற்கு முன் அடிப்பாகம் மறைந்திருந்ததா, கப்பலே புள்ளியாகி இருந்ததா என்று கேளுங்கள். நான் பார்த்தவரை எல்லாமே இரண்டாவது ரகம்.

மைலுக்கு 8 அங்குலம், தூரத்தோட வர்க்கத்தால பெருக்கணும்னு சொல்றாங்களே. அந்தக் கணக்கு சரியா?

கணக்கு சரி, பயன்படுத்தும் இடம்தான் தப்பு. மெட்ரிக்கில் சொன்னால் தூரத்தின் வர்க்கத்தை 0.0785 ஆல் பெருக்க வேண்டும். தூரம் கி.மீ.யில், விடை மீட்டரில். சர்வே பாடப்புத்தகத்தில் முதல் சில அத்தியாயங்களிலேயே வரும். ஆனால் இது, நிற்கும் இடத்தில் தண்ணீரைத் தொட்டபடி ஒரு நேர்கோடு போட்டால் அதிலிருந்து தூரத்துத் தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கும் என்று சொல்கிற சூத்திரம். எவ்வளவு மறையும் என்று அது சொல்லாது. நம் கண் தண்ணீரிலா ஒட்டிக்கொண்டிருக்கிறது?

16 கி.மீ. அகலமுள்ள ஏரியை எடுத்துக்கொள்வோம். சூத்திரத்தை அப்படியே போட்டால் 20 மீட்டர். "20 மீட்டர் மறையணும், மறையலையே!" என்று வீடியோ முடிந்துவிடும். உங்கள் கண் 2 மீட்டர் உயரத்தில் இருந்தால் அடிவானமே 5 கி.மீ. தள்ளித்தான். மறைத்தல் அங்கிருந்துதான் ஆரம்பம். மீதி 11 கி.மீ.க்குக் கணக்குப் போட்டால் ஒன்பதரை மீட்டர்கூட இல்லை. காற்று ஒளியை வளைப்பதையும் சேர்த்தால் (கீழே வருகிறது) ஏழரை மீட்டர். இருபது எங்கே, ஏழரை எங்கே!

தனுஷ்கோடியில நின்னா இலங்கை தெரியணுமா, தெரியக்கூடாதா?

அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கி.மீ. மேலே சொன்ன முறையில் 2 மீட்டர் கண் உயரத்துக்குப் போட்டுப் பாருங்கள். காற்றின் உபயத்தைச் சேர்த்தாலும் எதிர்க்கரையில் 40 மீட்டர் உயரம் வரைக்கும் அடிவானத்துக்குக் கீழே போய்விடும். மன்னார் தீவோ தாழ்வான மணல் நிலம். ஆகவே பகலில் கரை தெரியாது. 40 மீட்டரைத் தாண்டிய கோபுரம் எதுவும் அங்கே இருந்தால், அதன் தலை மட்டும் தெளிவான நாளில் தெரியலாம். "இவ்வளவு பக்கத்துல இருக்கு, தெரியலையே" என்று முனையில் நின்று ஏமாறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பனிமூட்டத்தைத் திட்டுவார்கள்.

தண்ணி எப்பவும் மட்டமாத்தானே நிக்கும்? வளைஞ்ச தண்ணியை யாராவது பார்த்திருக்காங்களா?

"மட்டம்" என்ற சொல்லில்தான் சிக்கல். கொத்தனார் ரசமட்டம் வைக்கிறார், தூக்குக்குண்டு விடுகிறார். குண்டு தொங்கும் திசைக்குச் செங்குத்தாக இருப்பதுதான் மட்டம். ஒரு வீட்டுக்குள் அது நேர்கோடு. பத்து கி.மீ. தள்ளி இன்னொரு கொத்தனார் தூக்குக்குண்டு விட்டால், அந்தக் குண்டும் பூமியின் மையத்தைப் பார்த்துத்தான் தொங்கும். இரண்டு நூலும் இணையாக இருக்காது. தண்ணீர் இரண்டு இடத்திலும் அந்தந்த நூலுக்குச் செங்குத்தாக நிற்கிறது. மட்டமாகவும் நிற்கிறது, வளைந்தும் நிற்கிறது.

நியூயார்க்கின் வெரசானோ நாரோஸ் பாலத்தின் இரண்டு கோபுரங்களும் தூக்குக்குண்டுப்படி செங்குத்தாக நிற்கின்றன. 211 மீட்டர் உயரம், நடுவே 1,298 மீட்டர் இடைவெளி. அடியைவிட உச்சி 4 செ.மீ. அதிகமாக விலகி இருக்கிறது. உயரத்தை இடைவெளியால் பெருக்கிப் பூமியின் ஆரத்தால் வகுத்தால் கிட்டத்தட்ட அதே அளவு வருகிறது.

கால்வாய் வெட்டுற இன்ஜினியர்கள் வளைவைக் கணக்குல எடுக்கிறதே இல்லையாமே?

எடுக்காமல் இருப்பதற்கு வழி வைத்துக்கொண்டுதான் எடுக்காமல் இருக்கிறார்கள். லெவல் கருவியை நடுவில் வைத்து, பின்னால் 50 மீட்டரில் ஒரு ஸ்டாஃப் (செங்குத்தாகப் பிடிக்கும் அளவுகோல்), முன்னால் 50 மீட்டரில் ஒரு ஸ்டாஃப். வளைவால் வரும் பிழை இரண்டு பக்கமும் ஒரே அளவு, கழிக்கும்போது போய்விடும். அப்புறம் கருவியைத் தூக்கிக்கொண்டு முன்னே நகர்கிறோம், அங்கே மறுபடி அந்த இடத்து மட்டம். 193 கி.மீ. சூயஸ் கால்வாயானாலும் கதை இதுதான். ஒவ்வோர் அடியிலும் பூமியைத் தொட்டுத் தொட்டுப் போவதால் கோடு தானாகவே பூமியோடு வளைந்துவிடுகிறது.

இதை நான் புத்தகத்தில் படித்து நம்பவில்லை, திட்டு வாங்கித் தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வாய்க்கால் வேலை. முன்பக்கம் முள்ளுக்காடு, கருவியை நகர்த்தச் சோம்பல். பின்பக்கம் 30 மீட்டர், முன்பக்கம் 300 மீட்டர் என்று பார்வை எடுத்துக்கொண்டே போனேன். உயரம் ஏற்கெனவே தெரிந்த அடையாளக் கல்லில் (பெஞ்ச் மார்க்) கொண்டுபோய் மூடினால் 7 செ.மீ. இடிக்கிறது. மேலதிகாரி நோட்டை வாங்கிப் பார்த்தார். கருவியைச் சோதிக்கச் சொன்னார், கருவியில் குற்றமில்லை. "300 மீட்டருக்கு வளைவு எவ்வளவுடா?" என்றார். 7 மி.மீ., காற்று வளைப்பதைக் கழித்தால் 6. பன்னிரண்டு தடவை வைத்திருந்தேன். பன்னிரண்டு ஆறு எழுபத்திரண்டு. அடுத்த மூன்று நாள் அதே முள்ளுக்காட்டில் மறுபடி லெவல் எடுத்தேன்.

இங்கிலாந்துல ஒருத்தர் கால்வாய்ல இறங்கி நின்னு பூமி தட்டைன்னு நிரூபிச்சாராமே?

சாமுவேல் ரோபாதம். கிழக்கு இங்கிலாந்தின் சதுப்பு நிலத்தில் பழைய பெட்ஃபோர்ட் ஆறு என்று ஒரு கால்வாய் உண்டு. 1630களில் வெட்டியது. சுமார் 6 மைல், அதாவது 9.7 கி.மீ.க்கு அம்பு விட்டது போல நேராகப் போகிறது. 1838 கோடையில் அவர் அதில் இறங்கி, தண்ணீருக்கு 8 அங்குலம் மேலே தொலைநோக்கியைப் பிடித்துக்கொண்டு, 5 அடி உயரத்தில் கொடி கட்டிய ஒரு படகு வெல்னி பாலம் வரைக்கும் போவதைப் பார்த்தார். உருண்டைக் கணக்குப்படி கொடி அவர் பார்வைக் கோட்டுக்குச் சுமார் 11 அடி கீழே போயிருக்க வேண்டும். கடைசிவரை தெரிந்தது என்று எழுதினார். "பேரலாக்ஸ்" என்ற புனைபெயரில் 1849இல் ஒரு சிறு நூலும் 1865இல் அதைப் பெருக்கி ஒரு புத்தகமும் போட்டார். இன்று வருகிற வீடியோக்களில் பாதி இந்த மனிதரின் பேரப்பிள்ளைகள்தான்.

அப்போ அவர் பொய் சொன்னாரா?

பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. பார்த்ததைத்தான் எழுதியிருப்பார். அவர் கண் வைத்த இடம் அப்படி.

காற்றில் ஒளி நேர்கோட்டில் போவதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். அடர்த்தி கூடின காற்றின் பக்கம் அது கொஞ்சம் சாய்ந்து வளைகிறது. தண்ணீர் குளிர்ந்தும் மேல்காற்று வெதுவெதுப்பாகவும் இருந்தால் அடியிலுள்ள காற்றுதான் அடர்த்தி. ஒளி கீழ்நோக்கி வளைந்து பூமியின் முதுகோடு கூடவே ஓடி வரும், மறைந்திருக்க வேண்டியது தெரியும். ஒரு மீட்டர் உயரத்துக்குச் சுமார் 0.13 டிகிரி வெப்பம் கூடினால் போதும், ஒளியின் வளைவும் பூமியின் வளைவும் சரிக்குச் சரியாகி, தண்ணீர் பலகை போலத் தெரியும். கோடையில் குளிர்ந்த கால்வாய்த் தண்ணீரை ஒட்டி எட்டு அங்குலத்தில் இது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். சித்திரை வெயிலில் தார் ரோட்டில் தெரிகிற கானல்நீர் இதற்கு நேர் எதிர். அங்கே அடிக்காற்று சூடு, ஒளி மேல்நோக்கி வளைகிறது.

ஒளிவிலகல்னு ஒரு வார்த்தையைச் சொல்லி எதை வேணும்னாலும் மழுப்பிடலாமே?

இது நியாயமான கேள்வி. பல அறிவியல் ஆர்வலர்கள் இந்த இடத்தில் கையை உதறிவிட்டுப் போய்விடுகிறார்கள், அது சரியில்லை. தெரிந்தால் வளைவு இல்லை, தெரியாவிட்டால் வளைவு என்று ஒரு தரப்பு பேசினால், தெரிந்தால் ஒளிவிலகல், தெரியாவிட்டால் வளைவு என்று மறுதரப்பு பேசுகிறது. இரண்டும் ஒரே லட்சணம்.

தப்பிக்க வழி இருக்கிறது. பூமியின் வளைவு காலையிலும் மாலையிலும் ஒரே அளவு. காற்றின் சேட்டை மணிக்கு மணி மாறும், உயரம் போகப் போக அடங்கும். தண்ணீரை ஒட்டிப் பார்க்காமல் நாலைந்து மீட்டர் மேலே பார்த்தால், வெவ்வேறு நாளில் பார்த்தால், காற்றின் பங்கு வழக்கமாக வளைவில் ஏழில் ஒரு பங்கு அளவில் நிற்கும். அதனால்தான் சர்வே புத்தகத்தில் இரண்டையும் சேர்த்து 0.0785க்குப் பதிலாக 0.0673 என்று போட்டிருக்கும். ஒற்றைப் படத்தை வைத்து யார் எது சொன்னாலும், உருண்டை என்று சொன்னாலும்கூட, நான் முதலில் கேட்பது மூன்றுதான். கண் எவ்வளவு உயரம்? எந்த நேரம்? நடுவில் அடையாளம் இருந்ததா? இந்த மூன்றாவது கேள்வியின் மதிப்பு அடுத்த பதிலில் தெரியும்.

இதுக்கு யாரோ பந்தயம் கட்டினதா கேள்விப்பட்டேன். என்ன ஆச்சு?

ஜெயித்தவர் தோற்ற கதை அது. 1870 ஜனவரியில் ஜான் ஹாம்ப்டன் என்பவர், நீர்ப்பரப்பில் வளைவைக் காட்டுகிறவருக்கு 500 பவுண்டு என்று அறிவித்தார். ஏற்றுக்கொண்டவர் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ், டார்வினோடு சேர்த்துப் பெயர் சொல்லப்படுகிற அதே இயற்கை ஆய்வாளர். இளவயதில் சர்வேயராக இருந்தவர் என்பதால் எனக்கு அவர்மேல் தனிப் பாசம். நடுவர் ஜான் வால்ஷ் என்ற பத்திரிகை ஆசிரியர். பணமும் அவர் கையில்.

மார்ச் 5 அன்று அதே கால்வாய், அதே 6 மைல். வாலஸ் தண்ணீரை ஒட்டிப் பார்க்கவே இல்லை. வெல்னி பாலத்தின் கைப்பிடிச் சுவரில், தண்ணீருக்குப் பதின்மூன்று அடிக்கு மேலே தொலைநோக்கி. மறுமுனைப் பாலத்தில் அதே உயரத்தில் கறுப்புப் பட்டை போட்ட வெள்ளைத் துணி. சரி பாதித் தூரத்தில் ஒரு கம்பம், அதில் அதே உயரத்தில் ஒரு சிவப்புத் தட்டு, நாலடி கீழே இன்னொரு தட்டு. தண்ணீர் தட்டையென்றால் மேல்தட்டும் கறுப்புப் பட்டையும் ஒரே கோட்டில் வர வேண்டும். உருண்டையென்றால் நடுக்கம்பத்து மேல்தட்டு ஐந்தடி போலத் தூக்கித் தெரிய வேண்டும், வளைவு ஆறடி, காற்று ஓரடியைத் தின்றுவிடும். தூக்கித்தான் தெரிந்தது. நடுவில் அடையாளம் வைத்ததால் நடு எவ்வளவு தூக்கி நிற்கிறது என்று அளந்துவிட முடிகிறது. ரோபாதத்தின் சோதனையில் இல்லாதது இதுதான்.

தொலைநோக்கியில் தெரிந்ததை வரைந்த படத்தில் ஹாம்ப்டன் தரப்பு நடுவர் வில்லியம் கார்ப்பென்டரும் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, அந்தப் படமே பூமி தட்டை என்பதைக் காட்டுகிறது என்று குதித்தார்! வால்ஷ் பணத்தை வாலஸிடம் கொடுத்தார். அதன்பிறகு சுமார் பதினைந்து வருஷம் ஹாம்ப்டன் வாலஸை விடவில்லை. அக்கம்பக்கத்தாருக்கு, சங்கங்களுக்கு, கடைசியில் வாலஸின் மனைவிக்கே மிரட்டல் கடிதம். அவதூறுக்காகச் சிறைக்கும் போனார். 1876இல் நீதிமன்றம், பந்தயப் பணம் சட்டப்படி செல்லாது, கைமாறும் முன்பே ஹாம்ப்டன் திருப்பிக் கேட்டுவிட்டார் என்று சொல்லிப் பணத்தைத் திருப்பித் தர வைத்தது. வாலஸுக்கு மிஞ்சியது வழக்குச் செலவு. பின்னாளில் தன் சுயசரிதையில் அவர் இதை மிகவும் வருந்தத்தக்க சம்பவமாகவே எழுதினார்.

அதுக்கப்புறம் யாரும் செஞ்சு பார்க்கலையா?

செய்தார்கள். 1901இல் கேம்பிரிட்ஜ் புவியியல் ஆசிரியர் ஹென்றி யூல் ஓல்டாம் அதே இடத்தில் மூன்று கம்பங்களை வைத்து, நடுக்கம்பம் சுமார் 6 அடி தூக்கித் தெரிவதைக் காட்டினார். 1904 மே மாதம் எலிசபெத் பிளவுண்ட் சீமாட்டி ஒரு புகைப்படக்காரரை அழைத்து வந்து, தண்ணீருக்கு 2 அடி மேலே கேமரா வைத்து, 6 மைல் தள்ளித் தண்ணீரைத் தொட்டு நின்ற வெள்ளைத் துணியைப் படம் பிடித்துவிட்டார். தட்டைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். கேமராவின் உயரத்தையும் மே மாதத்தையும் கவனியுங்கள், மீதியை மேலே சொல்லிவிட்டேன்.

எனக்குப் பிடித்தது 1897இல் ஃபுளோரிடாவின் நேப்பிள்ஸ் கடற்கரையில் நடந்தது. கொரேஷன் என்ற சமயக் குழுவினர் மரச்சட்டங்களை ஒன்றோடொன்று முட்டவைத்து நேர்கோடு போட்டுக்கொண்டே போய், கடல் மேல்நோக்கி வளைகிறது, நாம் உருண்டைக்கு உள்ளே குடியிருக்கிறோம் என்று கண்டுபிடித்தார்கள்! என் 72 மி.மீ. ஞாபகம் வருகிறது. சட்டம் சேரும் மூட்டில் முடியளவு சாய்வு இருந்தாலும் போதும், கடைசியில் வேண்டிய பூமி கிடைக்கும்.

சிகாகோ நகரமே ஏரிக்கு அந்தப் பக்கம் தெரியுற ஃபோட்டோ இருக்கே, அது?

மிச்சிகன் ஏரியின் எதிர்க்கரையிலிருந்து 80 கி.மீ.க்கு மேல். 2015இல் அந்தப் படம் செய்தியாகவே வந்தது. 442 மீட்டர் வில்லிஸ் கோபுரம்கூட வழக்கமான நாளில் அந்த மணலிலிருந்து உச்சி தெரிந்தால் பெரிது. குளிர்ந்த ஏரி, மேலே வெதுவெதுப்பான காற்று, ரோபாதத்தின் கால்வாய் மாதிரியேதான், அளவு மட்டும் பெரிது. தட்டை என்றால் தெளிவான எல்லா நாளும் அடிமுதல் உச்சிவரை நகரம் தெரிய வேண்டும். தெரிந்த நாள் செய்தியாகிறது என்பதே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது.

443 கி.மீ. தூரத்து மலையை ஃபோட்டோ எடுத்திருக்காங்களே! அது எப்படி உருண்டைக் கணக்குல வரும்?

அழகாக வரும். 2016 ஜூலையில் பிரெனீஸ் மலைத்தொடரின் ஃபினஸ்ட்ரெல் சிகரத்திலிருந்து ஆல்ப்ஸ் மலையின் காஸ்பார் சிகரத்தை எடுத்த படம். எடுத்த இடம் 2,820 மீட்டருக்கு மேல், எடுக்கப்பட்டது 3,880 மீட்டர் அளவில். இரண்டு உயரத்துக்கும் வர்க்கமூலம் எடுத்துக் கூட்டினால் 115 சொச்சம். 3.57 ஆல் பெருக்கினால் 412 கி.மீ., போதவில்லை. வழக்கமான ஒளிவிலகலைச் சேர்த்தால் 3.57 என்பது 3.86 ஆகும், 445 வருகிறது. எல்லைக்கோட்டில் நின்று எடுத்த படம். இந்தப் படத்தை யாராவது தட்டைக்குச் சாட்சியாக அனுப்பினால் நான் மகிழ்ச்சியோடு கணக்குப் போட்டுத் திருப்பி அனுப்புகிறேன்.

எவ்வளவு உயரம் போனாலும் அடிவானம் நம்ம கண் மட்டத்துக்கே வருதே?

வருவது மாதிரி இருக்கும். 45 மீட்டர் உயரத்தில் அடிவானம் கண் மட்டத்துக்கு 13 கலை கீழே (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை). நிலாவின் விட்டம் 31 கலை, அதில் பாதிகூட இல்லை. மட்டம் எங்கே என்று காட்டக் கருவி இல்லாமல் இதை யார் கண்டார்கள்? கோணம் அளக்கும் தியோடலைட் வைத்தால் உடனே தெரியும். 11 கி.மீ. உயரத்தில் பறக்கும் விமானத்தில் மூன்று டிகிரிக்கு மேல்.

மாலுமிகளுக்கு இது தினசரிக் கணக்கு. செக்ஸ்டன்டில் சூரியனின் உயரத்தை அளந்ததும், கப்பல் தளத்தின் உயரத்துக்கு ஏற்ற அடிவானத் தாழ்வைக் கழித்த பிறகுதான் அடுத்த வேலை. பதினோராம் நூற்றாண்டிலேயே அல்பிரூனி என்ற அறிஞர், இன்றைய பாகிஸ்தானிலுள்ள நந்தனாக் கோட்டைக்குப் பக்கத்து மலையில் ஏறி இந்தத் தாழ்வை 34 கலை என்று அளந்து, அதிலிருந்தே பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டார். அங்கே கடல்கூடக் கிடையாது, சமவெளிதான்.

இடமிருந்து வலமா வளைவு ஏன் தெரியல?

கரையில் நின்றால் தெரியாது, தெரியவும் கூடாது. அடிவானம் என்பது உங்களைச் சுற்றி ஒரு வட்டம், அதன் நடுவில் நீங்கள். சுமார் 35,000 அடிக்கு மேல் போனால் அகலமான பார்வையில் லேசாகத் தெரிய ஆரம்பிக்கும். கடற்கரைப் படத்தில் கடல் வில்லாக வளைந்து தெரிந்தால் அது கேமரா லென்ஸின் கைங்கரியம். உருண்டைக்குச் சாட்சியாக அதை அனுப்பாதீர்கள், வெட்கமாக இருக்கிறது.

சரி, ஏதோ வளைவு இருக்குன்னே வெச்சுக்குவோம். காத்து பாதி, கணக்கு பாதின்னு இல்லாம சுத்தமா ஏதாவது காட்ட முடியுமா?

முடியும், இரண்டு முனையிலிருந்தும் பார்க்க வேண்டும். 1802இல் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய சர்வே அதிகாரி பரங்கிமலையில் தொடங்கிப் பெரும்பாக்கம் பக்கம் வரை சுமார் 12 கி.மீ. அடிக்கோடு அளந்தார். இந்தியப் பெரும் முக்கோண அளவை அங்கிருந்துதான் கிளம்பியது. அந்த அளவைக்காரர்களின் வழக்கம், ஒரு குன்றிலிருந்து அடுத்ததையும் அடுத்ததிலிருந்து இதையும், மேல்கீழ்க் கோணத்தை இருபுறமும் எடுப்பது. 12 கி.மீ. இடைவெளியில் ஒரே உயரத்தில் இரண்டு பேர் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டையில் இருவருக்கும் மற்றவர் நேர்மட்டத்தில். உருண்டையில், அவர் எனக்கு மூன்று கலை கீழே, நான் அவருக்கு மூன்று கலை கீழே. காற்று அதில் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். நீ எனக்குக் கீழே, நான் உனக்குக் கீழே என்பது தட்டைப் பலகையில் நடக்கவே நடக்காது.

கருவியே வேண்டாம் என்றால் சூரிய அஸ்தமனம். துபாயின் 828 மீட்டர் புர்ஜ் கலீஃபாவில் 80ஆம் மாடிக்கு மேல் இருப்பவர்கள் நோன்பு திறக்க 2 நிமிடமும், 150க்கு மேல் 3 நிமிடமும் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும் என்று 2011இல் மார்க்க அறிஞர்கள் சொன்னார்கள். கீழே மறைந்த சூரியன் மேலே இன்னும் மறையவில்லை.

நானே செஞ்சு பார்க்கலாமா? என்ன வேணும்?

தாராளமாக. சுலபமானது, மேற்கே கடல் தெரிகிற கரையில் மணலில் படுத்துக்கொண்டு சூரியனின் கடைசி விளிம்பு மறைந்ததும் சட்டென்று எழுந்து நிற்பது. மேகம் இல்லாவிட்டால் சுமார் 10 நொடிக்கு இன்னோர் அஸ்தமனம் கிடைக்கும். முழுதாக மறைவதற்கு முன் வெறுங்கண்ணால் உற்றுப் பார்க்க வேண்டாம், கைபேசித் திரையில் பாருங்கள்.

கம்பம் நட்டுச் செய்வதென்றால் தடையில்லாத 5 கி.மீ. நீர்ப்பரப்பு, மூன்று கம்பங்கள், ஒரு நல்ல தொலைநோக்கி. மூன்றிலும் தண்ணீரிலிருந்து சரியாக ஒரே உயரத்தில் அடையாளம். மூன்று மீட்டருக்குக் குறைய வேண்டாம். நடு அடையாளம் 40 செ.மீ. அளவுக்குத் தூக்கித் தெரிய வேண்டும். அடையாளத்தை அரை மீட்டர் அகலத்தில் பட்டை பட்டையாக அடித்துக்கொண்டால் கண்ணாலேயே அளந்துவிடலாம். காற்றடித்து அலை எழும் நாளை விட்டுவிடுங்கள். காலை ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை, முடிந்தால் வேறொரு நாளும் எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். முப்பது சென்டிமீட்டரோ ஐம்பதோ வந்தால் பதறாதீர்கள், காற்று ஒளியை வளைக்கிற வேலை அது. கம்பத்தைப் பிடிக்க வருகிற நண்பர்களுக்கு நீச்சல் தெரியுமா என்று மட்டும் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பந்தயம் கட்டாதீர்கள்.